பிரித்துப் பூட்டியதும் அடம்பிடிக்கும் மோரிஸ் மைனர்: கார்புரேட்டரில் எங்கே தவறு?

ஒரு காலத்தில் மலாயாச் சாலைகளில் சர்வசாதாரணமாக ஓடிய மோரிஸ் மைனர் கார்கள் சில இன்னும் நம்மவர் வீடுகளில் இருக்கின்றன. அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய காரை மீண்டும் சாலையில் பார்க்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது கார்புரேட்டரில்தான். ரிப்பேர் கிட் வாங்கி, வாஷர், கேஸ்கெட் எல்லாம் மாற்றிப் பூட்டிய பிறகு கார் முன்பைவிட மோசமாக ஓடினால் என்ன செய்வது?

பலர் உடனே அடியில் உள்ள கலவை நட்டைத் திருகத் தொடங்குகிறார்கள். பூட்டியதில் பிழை இருந்தால் எவ்வளவு திருகினாலும் பயனில்லை. பிளக், பாயிண்ட் இடைவெளி, டைமிங் ஆகியவற்றை முதலில் பார்த்துவிடுவது நல்லது. தீப்பொறியில் உள்ள கோளாறுக்குக் கார்புரேட்டர் பழி சுமப்பது பட்டறைகளில் புதிதல்ல.

இந்தக் காரில் இருப்பது எஸ்.யு. வகை. லண்டனில் காலணி வியாபாரக் குடும்பத்தில் பிறந்த ஸ்கின்னர் சகோதரர்கள் உருவாக்கியது. மணி போன்ற உறைக்குள் ஒரு பிஸ்டன். அதன் அடியில் ஓர் ஊசி. ஊசி இறங்கி நிற்க ஒரு ஜெட் துளை. எஞ்சின் காற்றை இழுக்க இழுக்கப் பிஸ்டன் உயரும். ஊசி நுனி நோக்கி மெலிவதால், உயர உயரத் துளையில் இடைவெளி கூடி அதிகப் பெட்ரோல் வரும். அவ்வளவுதான்.

எதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒழுகல். மைனர் எஞ்சினில் கார்புரேட்டருக்கு நேர் கீழே சூடான எக்ஸாஸ்ட் இருக்கிறது. அதன்மேல் பெட்ரோல் சொட்டினால் கார் தீப்பிடிக்கலாம். எஞ்சினை முடுக்காமல் சாவியை மட்டும் திருப்பினால் மின்சாரப் பம்ப் 'டிக் டிக்' என்று அடித்து, மிதவை அறை நிரம்பியதும் நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்தால் பெட்ரோல் எங்கோ வழிகிறது, அல்லது பம்ப் காற்றை இழுக்கிறது. இதை நீண்ட நேரம் செய்யக் கூடாது, காயில் சூடாகும். மிதவை அறையின் ஊசி வால்வில் தூசு சிக்கியிருக்கலாம், மிதவை உயரம் தவறியிருக்கலாம். பிந்தைய எச்.எஸ். ரகத்தில் மூடியைத் தலைகீழாகப் பிடித்தால் மிதவைக்கும் மூடி விளிம்புக்கும் இடையே 3 முதல் 5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

அடுத்தது, அதிகம் நடக்கும் பிழை: ஜெட் நடுவில் அமையாமல் போவது. இதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் 'டக்' என்று உலோகச் சத்தத்துடன் விழ வேண்டும். ஜெட்டை மேலேற்றி ஒரு முறையும் கீழிறக்கி ஒரு முறையும் கேளுங்கள். மேலேற்றியபோது மட்டும் சத்தம் மந்தமானால் ஊசி ஜெட்டில் உரசுகிறது. ஜெட் நட்டைத் தளர்த்தி மீண்டும் நடுப்படுத்த வேண்டும்.

பிஸ்டன் சிக்குகிறது என்று அதை எமரித் தாளால் தேய்ப்பவர்களும் உண்டு. இதைவிடக் கெடுதல் வேறில்லை. பிஸ்டனும் உறையும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்த ஜோடி. பெட்ரோலில் கழுவித் துடைத்தால் போதும். இரட்டைக் கார்புரேட்டர் கொண்ட எம்.ஜி. போன்ற கார்களில் ஒன்றின் பிஸ்டனை மற்றதில் மாட்டிவிட்டால் ஐடிலிங் சீராகவே இராது. மேலே டேம்பரில் எண்ணெய் ஊற்ற மறந்தாலோ ஆக்சிலேட்டரை மிதித்ததும் கார் திணறும்.

திராட்டில் தகட்டைப் பிடிக்கும் இரு சிறு திருகாணிகளின் முனைகளை முடுக்கிய பின் சற்று விரித்துவிட வேண்டும். இல்லையேல் அவை கழன்று எஞ்சினுக்குள் போய்விடும். அந்தத் தகட்டைத் தாங்கும் தண்டு தேய்ந்திருந்தால் சாதாரண கேஸ்கெட் கிட் உதவாது. வெளிக்காற்று உள்ளே நுழைந்தபடியே இருக்கும். லேத் பட்டறையில் புதிய புஷ் போட்டுத்தான் ஆக வேண்டும்.

கிட்டில் வந்த ஊசியையும் கண்ணை மூடிக்கொண்டு மாட்டக் கூடாது. ஊசியின் தண்டில் எழுத்துக் குறியீடு இருக்கும். 1098 சிசி மைனருக்கு 'ஏ.என்.' ஊசி. பழைய ஊசியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வரை அதை எறிய வேண்டாம்.

இவை எல்லாம் சரியான பிறகே கலவை நட்டு. ஜெட்டை முழுக்க மேலேற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று இறக்கி எஞ்சினை முடுக்கலாம். எஞ்சின் நன்கு சூடானதும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் மட்டும் உயர்த்த வேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் அணையப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் மட்டும் லேசாக ஏறி பழைய நிலைக்குத் திரும்பினால், நட்டை அத்துடன் விட்டுவிடலாம்.