வைஃபைக்கும் ஒரு வண்டி நம்பர் உண்டு

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறினால், கல்வராயன் மலையில் பல இடங்களில் செல்போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். கீழே இறங்கினதும் லாட்ஜோ டீக்கடையோ, எங்கே வைஃபை கிடைத்தாலும் லேப்டாப்பை இணைத்துவிடுகிறோம். அப்போது நம்மைப் பற்றி வெளியே என்ன தெரிகிறது?

ஒவ்வொரு வைஃபை கார்டுக்கும் 48 பிட் நீளத்தில் ஒரு மேக் முகவரி உண்டு. தொழிற்சாலையில் எழுதும் அந்த எண்ணின் முதல் 24 பிட், பொதுவாகத் தயாரிப்பாளர் யாரென்று காட்டும். வண்டி நம்பர் மாதிரின்னு வெச்சுக்குங்க. வைஃபைக்குப் பாஸ்வேர்டு இருந்தால் வண்டிக்குள் இருக்கும் சரக்கு தெரியாது. நம்பர் பிளேட் தெரியும். மேக் முகவரி என்கிரிப்ட் ஆவதில்லை. இணையதளங்கள் வரைக்கும் அது போகாது. ஆனால் அலை எட்டும் தூரத்தில் இருப்பவர்களுக்கும் வைஃபை நடத்துபவருக்கும் தெரியும்.

இதனால் என்ன ஆகும்? லண்டனில் 2013ல், தெருவோரக் குப்பைத்தொட்டிகளில் வைத்த கருவிகள் நடந்துபோனவர்களின் போன் மேக் எண்களைப் பதிவு செய்தன. விஷயம் வெளியே வந்ததும் நகர நிர்வாகம் நிறுத்தச் சொன்னது.

பிறகு ஆண்ட்ராய்டு 10ம் (2019), ஐஓஎஸ் 14ம் (2020) வைஃபைக்கு மாற்று எண்ணைத் தாங்களாகவே கொடுக்க ஆரம்பித்தன. லினக்ஸின் நெட்வொர்க்மேனேஜரில் 2016 முதல், வைஃபை தேடும்போது போலி எண்தான் போகும். ஆனால் இணையும்போது பல லினக்ஸ்களில் இன்னமும் அசல் எண்தான். ஃபெடோரா 2024ல், 40ஆம் பதிப்பில்தான் இதை மாற்றியது.

நாமே மாற்றலாம். கினோமில் செட்டிங்ஸ், வைஃபை, அந்த இணைப்பின் பல்சக்கரம், ஐடென்டிட்டி என்று போனால் ‘க்ளோன்டு அட்ரஸ்’ இருக்கும். ‘ரேண்டம்’ என்றால் இணையும் ஒவ்வொரு தடவையும் புது எண். ‘ஸ்டேபிள்’ என்றால் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி எண். திரும்ப வந்தால் அதே எண். வீட்டுக்கு ஸ்டேபிள், வெளியூருக்கு ரேண்டம் என்பது என் பழக்கம்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. பொது வைஃபை பலவற்றில் செல்போன் நம்பருக்கு ஓடிபி வரும். அதைக் கொடுத்துவிட்டால், நம்பர் பிளேட்டை மாற்றிவிட்டு வாசலில் லைசென்ஸைக் காட்டின கதைதான். அதனால் சிக்னல் இருக்கிற இடத்தில் நான் போன் ஹாட்ஸ்பாட்டோடு நின்றுகொள்கிறேன். உங்கள் ஹாட்ஸ்பாட்டுக்கு உங்கள் பெயரையே வைத்திருந்தால் அதையும் மாற்றிடுங்க. அதுவும் தெருவுக்கே தெரிகிற போர்டுதான்.