நான்கு கோடி இலக்கங்களில் ஒரு முதன்மை எண்

தன்னாலும் ஒன்றாலும் அன்றி வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாத, ஒன்றைவிடப் பெரிய எண்ணே முதன்மை எண் என்பதை, பதுளை, பசறை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் பொதுக் காரணிகளுட் பெரியதைக் காணப் பழகும் கீழ்வகுப்புகளிலேயே அறிந்துகொள்கின்றனர். இத்தகைய எண்கள் முடிவின்றித் தொடர்கின்றன என்று யூக்ளிட் அக்காலத்திலேயே நிறுவிவிட்டார்; ஆனால், கையில் உள்ள பேரெண் ஒன்று முதன்மை எண்தானா என்று தீர்ப்பது வேறு சங்கதி.

2024 ஒக்டோபரில் அமெரிக்கரான லூக் டுரான்ட் கண்டறிந்த, அதுவரை அறியப்பட்டிருந்த முதன்மை எண்கள் யாவற்றையும் விஞ்சிய எண், இரண்டின் 136,279,841ஆம் வலுவிலிருந்து, அதாவது அத்தனை இரண்டுகளைப் பெருக்கிய பெறுமானத்திலிருந்து, ஒன்றைக் கழிக்கக் கிடைப்பது. அதன் 41,024,320 இலக்கங்களையும் இலக்கத்துக்கு இரண்டு மில்லிமீற்றர் வீதம் ஒரே வரியில் எழுதினால், பதுளைப் புகையிரத நிலையத்தில் தொடங்கும் வரி தெமோதரை வளையத்தையும் பண்டாரவளையையும் பட்டிப்பொலவையும் தாண்டி நானுஓயாவை நெருங்கிவிடும். ஒன்றும் பூச்சியமும் மட்டுமே வழங்கும் துவித முறையிலோ அதில் ஒரு பூச்சியமும் இல்லை. தொடக்கம் முதல் இறுதிவரை ஒன்றுகளே.

இவ்வகை முதன்மை எண்கள் 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவி மரின் மெர்சென்னின் பெயரால் வழங்குகின்றன. சுட்டி முதன்மை எண்ணாக இராவிடில் விளைவும் அப்படி இராது. இருந்தாலும் உறுதியில்லை, ஏனெனில் இரண்டின் 11ஆம் வலுவிலிருந்து ஒன்று குறைந்த 2047, 23ஐ 89ஆல் பெருக்க வருவதே.

எடுவார்ட் லூக்கா 1878இல் தொடங்கிவைத்து, டெரிக் லேமர் 1930இல் செம்மைப்படுத்திய சோதனை காரணி எதையும் தேடுவதில்லை என்பதே இதில் வியப்புக்குரியது. நான்கில் தொடங்கி, வர்க்கித்து, இரண்டைக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் அடுத்த படிக்கு எடுத்துச் சென்று, சுட்டியைவிட இரண்டு குறைவான தடவைகள் இவ்வாறு செய்தபின் மீதி பூச்சியமானால் அது முதன்மை எண். இரண்டின் ஐந்தாம் வலுவிலிருந்து பெறும் 31க்கு மூன்று படிகள் போதும்: 16இல் இரண்டு போக 14, 196இல் இரண்டு போன 194ஐ 31ஆல் வகுக்க மீதி 8, 64இல் இரண்டு போன 62, மீதியின்றி வகுபடும். பென்சிலும் கொப்பியும் கொண்டு பிள்ளைகளே செய்யக்கூடிய இதே கணக்கை டுரான்ட்டின் எண்ணுக்கு 136,279,839 தடவை செய்ய வேண்டும். 17 நாடுகளில் வாடகைக்கு எடுத்த வரைகலைச் செயலிகளுள் டப்ளினில் இருந்த ஒன்று ஒக்டோபர் 11ஆம் திகதி வேறொரு சோதனையால் சாத்தியத்தைக் காட்ட, சான் அந்தோனியோவில் இருந்த இன்னொன்று மறுநாள் இச்சோதனையால் அதை உறுதிசெய்தது.

எவ்வடிவ எண்ணையும், இலக்கங்கள் கூடக் கூட வேலை கட்டுமீறிப் பெருகாதவாறு ஐயமறச் சோதிக்கும் வழியை 2002இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் நிறுவினர். ஆயினும் மெர்சென் எண்களில் பழைய சோதனையே முந்துகிறது.

கைபேசி வழிப் பணப் பரிமாற்றத்தைக் காக்கும் ஆர்.எஸ்.ஏ. போன்ற மறைகுறியீட்டு முறைகளுக்குச் சில நூறு இலக்கங்கள் கொண்ட இரகசிய முதன்மை எண்களே வேண்டியிருப்பதால், உலகறிந்த இப்பேரெண் அங்கே பயன்படாது. தேடலுக்கான மென்பொருள்தான் பயன்பட்டது: இன்டெல் நிறுவனத்தின் ஸ்கைலேக் செயலியில் மறைந்திருந்த குறையொன்று 2016இல் வெளிப்பட்டது அதனாலேயே.