இலங்கை மன்னன் வியந்த நாணயம்

மட்டக்குளியிலே களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்திலிருந்து கரையோரமாக வடக்கே சென்றால், புத்தளத்துக்கும் அப்பால் குதிரைமலை முனையை அடையலாம். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் பிளோகமஸ் என்னும் உரோமனுடைய ஆள் ஒருவன், அரேபியாவைச் சுற்றி வருகையில் வாடைக்காற்றில் அகப்பட்டு, பதினைந்தாம் நாள் இத்தீவின் துறையொன்றிலே கரைசேர்ந்தான். அத்துறையின் பெயர் இப்பூரொஸ் என்று பிளினி என்னும் உரோம அறிஞர் எழுதியுள்ளார். கிரேக்க மொழியில் இப்பொஸ் என்றால் குதிரை. ஆதலால் அது குதிரைமலையே என்பாரும் உளர்.

வந்தவனை நம் நாட்டு மன்னன் ஆறு மாதம் விருந்தினனாக வைத்து உபசரித்தான். அவனும் இங்குள்ள மொழியைப் பேசப் பழகிக்கொண்டான். அவனிடமிருந்த வெள்ளிக் காசுகளிலே வெவ்வேறு சக்கரவர்த்திகளின் முகங்கள் பொறிக்கப்பட்டிருந்தும், எல்லாம் ஒரே நிறையாயிருக்கக் கண்டு மன்னன் வியந்தான். இவ்வளவு நேர்மையுடையோர் நட்பு வேண்டுமென்று தூதுவர் நால்வரை உரோமாபுரிக்கு அனுப்பினான். நாணயம் என்ற சொல்லுக்கு நாம் இரு பொருள் வைத்திருப்பது எவ்வளவு பொருத்தம்!

ஆனால், காசிலே கண்ட நாணயம் அம்முகங்களுக்கு உரியோரிடம் இருந்ததா? தைபீரியஸை எடுத்துக்கொள்வோம். யாரையும் நம்பாதவன், இராசத்துரோகக் குற்றஞ்சாட்டிப் பலரை மாளச் செய்தவன், இறுதி ஆண்டுகளைக் காப்ரித் தீவிலே ஒதுங்கிக் கழித்தவன். எனினும் அவன் காசு நிறை குறையவில்லை. கி. பி. 37இல் அவன் இறந்தபோது பொக்கிஷத்தில் 270 கோடி செஸ்டர்ஸ் இருந்ததாம். அதை ஓராண்டு முடியுமுன்னே கரைத்துவிட்டான், அடுத்து வந்த கலிகுலா.

நம் தூதுவர் சென்றது கிளாடியஸின் காலத்தில் என்கிறார் பிளினி. கால் தள்ளாடும், நா குழறும் என்று பெற்ற தாயே இகழ்ந்த பிள்ளை அவன். ஒதுக்கப்பட்ட காலத்தில் ஏடும் எழுத்துமாக இருந்து வரலாறுகள் இயற்றினான். 41இல் கலிகுலா கொலையுண்டபோது, திரைக்குப் பின்னே ஒளிந்து நடுங்கிய அவனைப் படைவீரர் இழுத்துவந்து சக்கரவர்த்தியாக்கினர். அந்த 'உதவாக்கரை'யே 43இல் பிரித்தானியாவின்மேற் படையெடுத்தான். ஒஸ்தியாவிலே துறைமுகம் அமைத்தான். மனைவியரை அடக்கத்தான் அவனால் முடியவில்லை. 54இல் மனைவி அக்கிரிப்பினா காளானில் நஞ்சூட்டினாள் என்பர்.

அவள் மகன் நீரோ பதினாறு வயதிலே பட்டமெய்தினான். ஆசான் செனெக்காவின் சொற்கேட்டு முதலில் நன்றாகவே ஆண்டான். 59இல் தன்னைப் பெற்றவளையே கொல்வித்தான். 64இல் உரோமாபுரி தீக்கிரையாயிற்று. நகரைப் புதுக்கவும் தனக்குப் பொன்மாளிகை எழுப்பவும் பணம் போதவில்லை. ஓர் உரோம இறாத்தல் வெள்ளிக்கு 84 காசு என்றிருந்ததை 96 ஆக்கி, செம்பையும் கூடுதலாகக் கலந்தான்.

பாமர மக்கள் அதைக் கவனித்தார்களோ என்னவோ, கடல்கடந்த வணிகர் கவனித்துவிட்டனர். தமிழ்நாட்டிலே கோயம்புத்தூர்ப் பகுதியில் மண்ணுக்குள்ளிருந்து குடங்குடமாக உரோமக் காசுகள் கிடைத்துள்ளன. அவ்வெள்ளிக் காசுகளிற் பெரும்பாலானவை அகஸ்டஸ், தைபீரியஸ் ஆகிய இருவருடையவை. 64க்குப் பின்னர் அடிக்கப்பட்ட வெள்ளிக் காசு அங்கே மிக அருமை.