இமயமலைக்குக் கிளம்பும் கரிசல் மூட்டை... உள்ளே என்ன தெரியுமா?

புதூர் கரிசல் காட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அடிவானம்தான். இந்தத் தட்டை பூமியிலிருந்து இமயமலைக்குக் கூடாரம் தூக்கிக்கொண்டு கிளம்பினால், அங்கே உயிர் காக்கும் சாமான்களில் இரண்டு நம்ம கோவில்பட்டியிலேயே கிடைக்கும். தெரியுமா?

முதலாவது, தீப்பெட்டி! மலை உச்சிக் குளிரில் ஸ்டைலாக லைட்டரைத் தட்டுவீர்கள், பற்றாது. உள்ளே இருக்கும் பியூட்டேன் மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே போனால் ஆவியாக மறுக்கும். தீக்குச்சிக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் குச்சியை மட்டும் மருந்து டப்பாவில் கொட்டிக்கொண்டு போய்ப் பாறையில் உரசினால் வேலைக்காகாது. சிவப்புப் பாஸ்பரஸ் இருப்பது குச்சியில் இல்லை, பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில்! அதையும் கிழித்து உள்ளே போட்டு இறுக்கி மூடுங்கள். (விமானத்தில் தீப்பெட்டிக்கு அனுமதி கிடையாது. அப்படிப் போகிறவர்கள் மலையடிவாரக் கடையில் வாங்கி லேபிளைத் திருப்பிப் பாருங்கள். நம்ம ஊர் முகவரி இருந்தாலும் இருக்கும்.)

இரண்டாவது, 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கடலை மிட்டாய். 100 கிராமில் ஏறத்தாழ 500 கலோரி! உயரத்தில் பசியே எடுக்காது, சோறு இறங்காது. அதுக்கும் முன்னால், சோறு சீக்கிரம் வேகாது. 4,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பைப் போட்டவர் விடிய விடியக் கிண்ட வேண்டியதுதான்.

அதிர்ச்சி இனிமேல்தான். கருங்கண்ணிப் பருத்தி விளைந்த மண்ணுக்காரர்கள் மலையில் போடவே கூடாதது பருத்திச் சட்டை! வியர்வையைக் குடித்தால் லேசில் காயாது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். நம்ம வெயிலுக்கு வரமான துணி அங்கே எமன். கம்பளிதான் சரி.

“நாங்க பார்க்காத வெயிலா?” என்று மீசையை முறுக்கவும் வேண்டாம். 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி முகத்திலேயே அடிக்கும். கறுப்புக் கண்ணாடி ஃபோட்டோவுக்கு இல்லை, கண்ணுக்கு!

2,500 மீட்டரைத் தாண்டினால் தலைவலி, குமட்டல் வரலாம். கபடி வீரருக்கும் வரும். 3,000-க்கு மேல் ராத்தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்குள் கூட்டுங்கள். தலைவலி கூடினால் வீம்பு பிடிக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும்.

போகிற இடம்? உத்தரகண்டின் பூக்கள் பள்ளத்தாக்கு! 1931-ல் காமெத் சிகரம் ஏறித் திரும்பிய ஃபிராங்க் ஸ்மைத் வழி தவறி வந்து விழுந்த சொர்க்கம். ஆனால் உள்ளே கூடாரம் அடிக்க முடியாது, தெரியுமா? சுமார் 3,000 மீட்டர் உயரத்திலுள்ள காங்கரியாவில் தங்கி, காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டும். புக்யால் எனப்படும் மலைப் புல்வெளிகளில் இரவு தங்க 2018-ல் உத்தரகண்ட் உயர் நீதிமன்றமும் தடை போட்டுவிட்டது. புல்வெளி நடுவே கூடாரம் நிற்கும் பழைய படங்களை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஒத்திகைக்கு, முதுகில் 10 கிலோ மூட்டையோடு வாரம் இரண்டு முறை கழுகுமலை ஏறி இறங்குங்கள். பள்ளத்தாக்கு ஜூனில் திறந்து அக்டோபரில் மூடும். பூ கொட்டுவது ஜூலை, ஆகஸ்டில். மழையும் மண்சரிவும் அப்போதுதான், கையில் இரண்டு நாள் கூடுதலாக இருக்கட்டும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. ஆகஸ்டுப் பூவுக்கு ஜூனிலேயே டிக்கெட் போட்டுவிடுங்கள்.