மாதம் 30 சதவீத வட்டி: கணக்குப் பார்த்தீர்களா?

சொர்ணவாரி நெல்லை விற்று, கடனை அடைத்தபின் கையில் சிறிது பணம் மிஞ்சலாம். காஞ்சிபுரம் வட்டாரத்தில் நிலத்தோடு தறியும் உள்ள குடும்பங்களுக்கு நெசவுக் கூலியும் சேரும். இப்பணத்தைக் குறிவைத்து வருவோரிடம் உழவர் பெருமக்கள் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனம், மாதம் 25 முதல் 30 சதவீத வட்டி தருவதாகக் கூறிச் சுமார் 1 லட்சம் பேரிடம் ரூ.2,438 கோடி திரட்டியது என்பது பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசாரின் வழக்கு. 2022 மே மாதத்தில் இது வெளிவந்தது. காஞ்சிபுரம், ஆரணி, செய்யாறு ஆகிய ஊர்களிலும் அதற்குக் கிளைகள் இருந்தன. அதற்கு 10 ஆண்டுகளுக்கு முன், 2012இல், பெருந்துறை ஈமு பண்ணைத் திட்டத்தில் விவசாயிகளே பெருமளவில் பணம் இழந்தனர். சரக்கு மாறியதே தவிர முறை மாறவில்லை.

இம்முறையைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 100 பேர் ஆளுக்கு ரூ.1 லட்சம் கட்டினால் ரூ.1 கோடி சேரும். மாதம் 30 சதவீதம் என்றால் மாதந்தோறும் ரூ.30 லட்சம் தரவேண்டும். மூன்று மாதம் கொடுத்தபின் பெட்டியில் மிஞ்சுவது ரூ.10 லட்சமே. நான்காம் மாத வட்டிக்குப் புதிதாக 20 பேராவது கட்டியாக வேண்டும். அடுத்த மாதம் அந்த 20 பேருக்கும் சேர்த்து வட்டி தர வேண்டுமே! ஏஜெண்டு கமிஷனும் அலுவலகச் செலவும் இக்கணக்கில் சேரவில்லை. வங்கி வைப்புத்தொகைக்கு ஆண்டு முழுவதற்கும் கிடைப்பது ஏறக்குறைய 7 சதவீதம். இவர்கள் சொல்வதோ ஆண்டுக்கு 360 சதவீதம். நெல்லிலும் பட்டிலும் இல்லாத அந்த லாபம் தங்க வியாபாரத்தில் மட்டும் எப்படி வரும்?

முதல் சில மாதங்கள் வட்டி தவறாமல் வரும். ஆபத்தே அதில்தான் உள்ளது. வாங்கியவர் தாமே மைத்துனரையும் சம்பந்தியையும் சேர்த்துவிடுகிறார். பணம் நின்றபின், உறவு கெடுமே என்று புகார் கொடுக்கவும் தயங்குகிறார். இத்தயக்கம் வேண்டாம். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டப்படி நிறுவனத்தின் சொத்துக்களை முடக்கி, நீதிமன்றத்தின் வழியே முதலீட்டாளர்களுக்குப் பகிர்ந்தளிக்க இடமுண்டு. காலம் பிடிக்கும் என்பது உண்மையே. ஆயினும் ரசீது, ஒப்பந்தம், வங்கிக் கணக்கு நகல் ஆகியவற்றுடன் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் பதிவு செய்தல் நலம்.

பணம் கட்டுமுன், டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கியின் அனுமதி உண்டா எனக் கேளுங்கள். சீட்டாக இருந்தால் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவானதா என்பதைப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். கூட்டுறவு வங்கி உட்பட எந்த வங்கியிலும் ஒருவருக்கு ரூ.5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் இக்காப்பீட்டில் சேராது. பலர் இதை அறிந்திருப்பதில்லை.

தொலைபேசி வழியே வரும் ஏமாற்று இன்னொரு வகை. பி.எம்.கிசான் தவணை வரவேண்டுமானால் இந்தச் செயலியை இறக்குங்கள் என்று வாட்ஸ்அப்பில் வரும் கோப்பைத் தொடக் கூடாது. உங்களுக்குப் பணம் வருவதற்கு ரகசிய எண்ணோ ஓ.டி.பி.யோ தேவையில்லை. பணம் போய்விட்டால் மறுநாள் வரை காத்திராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசி, உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் கைமாறுமுன் கணக்கை முடக்கினால் மீட்கும் வாய்ப்பு அதிகம்.