அப்பாவின் யெஸ்டி

பங்காருபேட்டையிலிருந்து தங்கவயலுக்கு எங்கள் அப்பா வேலைக்கு ஓட்டிப்போன வண்டி இது. மைசூர் ஐடியல் ஜாவா ஆலையில் உருவானது. 1961-இல் ஜாவா என்ற பெயரில் அங்கே தொடங்கிய உற்பத்தி, பிறகு யெஸ்டியாகத் தொடர்ந்து 1996-இல் நின்றது.

இடப்பக்கம் உள்ள லீவரைப் பாருங்கள். உள்ளே தள்ளி மேலே தூக்கினால் கிக்கர். முன்பக்கம் மடக்கினால் அதுவே கியர். ஓட்டிப் பார்க்கக் கேட்பவர்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, அவர்கள் கிக்கரைத் தேடித் திணறுவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார் அப்பா. பிறகு அவரே சொல்லியும் கொடுப்பார்.

அவருக்கு சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை. 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. அந்த வெக்கையிலிருந்து மேலே வந்தவருக்கு, காற்று முகத்தில் அடிக்க வண்டி ஓட்டுவதைவிடப் பெரிய சுகம் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் பேத்தமங்கலம் ஏரிதான். டேங்க் மேல் தங்கை, நடுவில் நான், பின்னால் அம்மா. வழியில் மாரிகுப்பம் ரயிலைப் பார்த்துவிட்டால் ஹாரன் அடித்துக் கையசைப்பார். டிரைவர் பதிலுக்கு ஊதிவிட்டால் வாரம் முழுக்க வீட்டில் அதே பேச்சு!

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கவயல்காரர்கள் பலரைப் போல அப்பாவும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போனார். பணம் முடையான அந்த நாட்களிலும் வண்டியை விற்கச் சம்மதிக்கவில்லை.

குழந்தைகள் ஏறி உட்காரலாம், ஹாரனும் அடிக்கலாம். அப்பா இருந்திருந்தால் அவரே தூக்கி உட்காரவைத்திருப்பார்.