மார்கழிப் பனி: கதவைச் சாத்தினால் போதுமா?

மார்கழி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். காலை எட்டு மணிக்கே ஒரு குடும்பம் என் வைத்தியசாலைக்கு வந்துவிட்டது. கணவன், மனைவி, ஆறு மாதக் கைக்குழந்தை, கூடவே மாமியார். குழந்தைக்குச் சளி. மூச்சு விடும்போது 'கர் கர்' என்று சத்தம். இந்த மாதத்தில் இது எனக்குப் புதிதில்லை. ஆனால் பேச்சுவாக்கில் அந்தப் பெண் சொன்ன விஷயம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

"எங்களுக்கும் மூணு நாளா காலையில எழுந்தா தலை பாரமா வலிக்குது சார். அத்தைக்குக் குமட்டல் வேற. வாசல் தெளிச்சுக் கோலம் போட்டு முடிக்கறதுக்குள்ள சரியாயிடுது. பனி ஒத்துக்கலையோ?"

பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றால், பனியில் போய் நின்றால் வலி கூட அல்லவா வேண்டும்? இங்கே வெளியே போனால் வலி குறைகிறது!

"ராத்திரி ரூமை எப்படிம்மா வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். மாமியார் பெருமையாகச் சொன்னார்: "ஒரு பொட்டுக் காத்து உள்ளே வராதுங்க. ஜன்னல் இடுக்குல துணி வச்சு அடைச்சிருக்கேன். சாயங்காலம் சாம்பிராணி போட்டுட்டு, அந்தக் கரித் தணலை அணைக்காம ரூம் மூலையிலயே வச்சிடுவேன். கொழந்தைக்குக் கதகதப்பா இருக்கும். அப்புறம் கொசுவத்தி ஒண்ணு."

குழந்தைக்கு மருந்து எழுதுவதற்கு முன்பே நான் சொன்ன வைத்தியம், "இன்னைக்கு ராத்திரி ஜன்னலைத் திறந்து வையுங்க. தணலை வெளியில கொட்டித் தண்ணி ஊத்துங்க" என்பதுதான். மூன்றாம் நாள் வந்தார்கள். பெரியவர்கள் யாருக்கும் தலைவலி இல்லை. குழந்தையின் சளி கரைய மேலும் ஒரு வாரம் பிடித்தது.

நம் ஊர்க் குளிர்

சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி செல்சியஸ். அதுவும் 1895-லும் 1905-லும். மாமல்லபுரம் கடற்கரையில் மார்கழி, தை விடியற்காலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். செங்கல்பட்டு, மதுராந்தகம் என்று உள்ளே தள்ளிப் போனால் இன்னும் கொஞ்சம் குறையும். டெல்லிக்காரர் கேட்டால் சிரிப்பார்!

ஆனால் நமக்கு உதறுகிறதே, ஏன்? ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரியும் வயலும் நிறைந்து கிடக்கின்றன. பக்கத்திலேயே கடல். காற்றில் ஈரம் அதிகம். மழை விட்டு வானம் தெளிந்ததும் தரை தன் சூட்டை இரவில் வேகமாக விட்டுவிடுகிறது. அந்த ஈரம் பனியாக இறங்குகிறது. வருஷத்தில் பத்து மாதம் வெயிலுக்குப் பழகிய உடம்புக்கு இந்த ஈரக் குளிரே போதும்.

சித்த மருத்துவத்தில் வருஷத்தை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்திருக்கிறார்கள். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. ஐயம் எனப்படும் கபம் பின்பனியில்தான் தன் இடத்தில் வளர ஆரம்பிக்கும். இளவேனிலில் தன் நிலை பிறழும். அதனால்தான் தை முடிந்து வெயில் ஏறிய பிறகும் "இன்னும் சளி போகலையே" என்று பலர் வருகிறார்கள். கோயிலில் மார்கழி விடியற்காலையில் கையில் விழும் அந்த வெண்பொங்கலைப் பாருங்கள். மிளகு, சீரகம், இஞ்சி, நெய் எல்லாம் அதில் இருக்கின்றன. கபத்துக்கு இதைவிட ருசியான மருந்தை நான் எங்கிருந்து தருவேன்?

ஆக, இந்தக் குளிரைச் சமாளிக்கப் போர்வையும் சுடுதண்ணீரும் மிளகு ரசமும் தாராளமாகப் போதும். குளிருக்குப் பயந்து நாம் அறையை அடைத்துக்கொண்டு உள்ளே எதையாவது எரிக்கிறோமே, அதுதான் குளிரைவிட ஆபத்து.

வாசனை இல்லாத விஷம்

கரி, விறகு, கேஸ், பெட்ரோல், டீசல் எதுவாக இருந்தாலும் போதிய காற்றில்லாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு அதிகமாக உண்டாகும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, கண்ணும் எரியாது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் பிராணவாயுவைவிடச் சுமார் 200 மடங்கு இறுக்கமாக இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். பிறகு பிராணவாயுவுக்கு இடம் ஏது? முதலில் தலைவலி, பிறகு தலைசுற்றல், குமட்டல், அசதி. தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அதுவும் தெரியாது, தூக்கத்திலேயே நினைவு போய்விடும்.

2020 ஜனவரியில் நேபாளத்தில் டாமன் என்ற மலைப் பகுதிக்குச் சுற்றுலா போன கேரளத்தவர் எட்டுப் பேர், நான்கு குழந்தைகள் உட்பட, ஒரே அறையில் இறந்துபோனார்கள். குளிருக்காக அறையை அடைத்துவிட்டு கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு படுத்ததுதான் காரணம். படித்த, வசதியான குடும்பங்கள்தான். அவர்கள் வேறென்ன தப்பு செய்தார்கள்?

'நம் ஊரில் ஹீட்டர் ஏது டாக்டர்?' என்பீர்கள். ஊட்டி, கொடைக்கானல் போனால் கணப்புச் சட்டி கேட்கிறோமே! வீட்டிலேயே காற்றுப் போக்கி இல்லாத குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டியிருக்கிறோம். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையேறியதே, நினைவிருக்கிறதா? காற்றும் மழையும் அடித்து கரண்ட் போகும் அப்படிப்பட்ட இரவுகளில் எல்லாக் கதவையும் சாத்திவிட்டு ஜெனரேட்டரை வராந்தாவில், மாடிப்படிக்கு அடியில் வைத்து ஓட்டக்கூடாது. வீட்டைவிட்டுத் தள்ளி, புகை ஜன்னல் பக்கம் திரும்பாமல், வெட்டவெளியில் வைக்க வேண்டும். கீசர் கேஸ் என்றால் அது குளியலறைக்கு வெளியே இருக்கட்டும்.

ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் ஜுரமில்லாமல் தலைவலி, குமட்டல், வெளியே போனால் சரியாகிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள். யாராவது மயங்கிக் கிடந்தால் கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே தூக்கி வந்து, 108-க்குப் போன் செய்யுங்கள். அவருக்குத் தேவை ஆஸ்பத்திரி ஆக்ஸிஜன். சுக்குக் கஷாயம் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.

சாம்பிராணி வேண்டாமா? பெரியவர்கள் எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு திறந்த தாழ்வாரத்தில் தலைக்குக் காட்டலாம். முடிந்ததும் தணலை வெளியே கொண்டுபோய் அணைத்துவிடுங்கள். கைக்குழந்தையைப் புகைக்கு மேலே பிடிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். கொசுவத்தியும் அப்படித்தான். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை எரிப்பதற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. அடைத்த அறையில் ஏற்கெனவே இளைப்பு உள்ள குழந்தை இருந்தால் கேட்கவே வேண்டாம். கொசுவலைதான் நல்லது.

ஜன்னலை முழுக்கத் திறக்க வேண்டும் என்பதில்லை. எதிரெதிராக இரண்டு ஜன்னல் இருந்தால் இரண்டையும் நாலு விரல் அளவு திறந்தால் போதும். காற்று நேராக முகத்தில் படாதபடி கட்டிலைத் தள்ளிப் போடுங்கள். காதுக்குக் குல்லாய், பாதத்துக்கு சாக்ஸ். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் வழியாக ரயிலில் போயிருப்பீர்கள். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. திறந்தவெளிக் காற்றே நுரையீரலுக்கு வைத்தியம் என்று நம்பியவர் அவர். இன்று அதே சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருப்பது எனக்குச் சந்தோஷம்.

குழந்தைக்குச் செய்யக்கூடாதவை

பெட்டியிலிருந்து எடுத்த ஸ்வெட்டரை அப்படியே பிள்ளைக்குப் போடாதீர்கள். அந்துருண்டை வாசனை இருக்கிறதே, அது நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த வாசனையே சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையையும் ரத்தசோகையையும் கொண்டுவரும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. துணியைத் துவைத்து வெயிலில் நன்றாகக் காயப் போட்டுவிட்டுப் போடுங்கள். இனி வைக்கும்போது வேப்பிலை, வசம்பு போட்டு வையுங்கள்.

கற்பூரத்தை எண்ணெயில் கரைத்து மூக்கில், நெஞ்சில் தடவுவது இன்னொரு பழக்கம். உள்ளே போன கற்பூரம் சிறு பிள்ளைகளுக்கு வலிப்பைக் கொண்டுவரும். நீலகிரித் தைலமும் பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது. ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் வேண்டாம். மருந்தைத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவதும் தேன்தான்!

பெரியவர்களுக்கு, சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் சம அளவு இளவறுப்பாக வறுத்துப் பொடித்து, கால் டீஸ்பூன் தேனில் குழைத்து, சாப்பாட்டுக்குப் பின் இரண்டு வேளை நாலைந்து நாள் சாப்பிடலாம். வயிற்றுப்புண் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் சாப்பிடக்கூடாது. தூதுவளை ரசம் எல்லோருக்கும் நல்லது. நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது பெரியவர்களுக்கு மட்டும்தான். கொதிக்கும் பாத்திரத்தின் முன்னால் பிள்ளையைப் போர்வைக்குள் உட்கார வைத்து, அது கவிழ்ந்து வெந்துபோன கால்களை நான் பார்த்திருக்கிறேன். அதிமதுரம் இருமலுக்கு நல்ல மூலிகைதான். ஆனால் ரத்த அழுத்தக்காரர்கள் நாள் கணக்கில் வாயில் அடக்கிக்கொண்டிருந்தால் அழுத்தம் ஏறும். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி ஏற்கெனவே அழுத்தம் கூடித்தான் இருக்கும். அதனால் வயதானவர்கள் திருப்பாவைக்குப் போகும் பக்தியில் நாலரை மணிக்குப் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளிக்க வேண்டாம். வெந்நீரில் உடம்புக்கு ஊற்றிக்கொண்டு போனாலும் பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

காரும் ஓர் அறைதான்

டிசம்பர் கடைசியில் மாமல்லபுரத்தில் நாட்டிய விழா தொடங்கிவிடும். சென்னையிலிருந்து குடும்பம் குடும்பமாகக் காரில் வருகிறார்கள். இரவில் திறந்தவெளியில் பனியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, திரும்பும்போது நாலு கண்ணாடியையும் ஏற்றி ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு ஈ.சி.ஆரில் பறக்கிறார்கள். மேல்மருவத்தூர், சபரிமலை சீசனில் ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க வேன்கள். சாத்திய அறைக்குச் சொன்னது எல்லாம் இங்கும் பொருந்தும், இன்னும் கூடுதலாக.

ஏ.சி.யில் உள்காற்றையே சுற்றவிடும் பட்டன் ஒன்று இருக்கும். ஐந்து பேர் உட்கார்ந்து அதையே போட்டுவைத்தால், நாம் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுக்கிறோம். கரியமில வாயு ஏறி மந்தமாகும், கொட்டாவி வரும். பின்சீட்டில் இருப்பவர் தூங்கலாம், டிரைவர் தூங்கலாமா? அரை மணிக்கு ஒருமுறை வெளிக்காற்றை உள்ளே விடுங்கள். ஏ.சி. காற்று குழந்தையின் முகத்துக்கு நேராக வரக்கூடாது. வீடு வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பு ஏ.சி.யை நிறுத்தி ஃபேனை மட்டும் ஓடவிட்டால் உள்ளே ஈரம் காயும், பூஞ்சை நாற்றம் வராது.

கண்ணாடி உள்பக்கம் மங்கினால் அது நம் மூச்சின் ஈரம். வெளிக்காற்றோடு ஏ.சி. போட்டால் போகும். வெளிப்பக்கம் மங்கினால், ஏ.சி.யால் கண்ணாடி அளவுக்கு மேல் சில்லிட்டிருக்கிறது. ஏ.சி.யின் குளிரைக் குறைத்து வைப்பரைப் போடுங்கள்.

முக்கியமான ஒன்று. ஓரமாக வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், ஏ.சி. போட்டுக்கொண்டு தூங்கக்கூடவே கூடாது. கடலோர உப்புக் காற்றில் சைலன்ஸர் சீக்கிரம் துருப்பிடித்து ஓட்டை விழும். அந்தப் புகை வண்டிக்குள் வந்தால் யாருக்கும் தெரியாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவன் வண்டிக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்து கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று பரிசோதனையில் தெரிந்தது. தூக்கம் வந்தால் வெளிச்சமான பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டுத் தூங்குங்கள். கொசு கடிக்கும், கடிக்கட்டும்.

போகி விடியற்காலை மட்டும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, உள்காற்றைச் சுற்றவிட்டுப் போகலாம். அன்றைக்கு வெளியே இருப்பதும் புகைதான். 2018 போகியன்று பனியும் புகையும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் போனது. ஆஸ்துமா உள்ளவர்கள் அன்று பயணத்தைப் பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்வது உத்தமம்.

கடைசியாக, இங்கே சிற்பக்கூடங்களில் வேலை செய்யும் தம்பிமார்களுக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் ஒன்று. இருமல் வந்தால் 'பனி இருமல், தை பிறந்தா போயிடும்' என்று தள்ளிப் போடுகிறீர்கள். கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் இருமல் தை பிறந்தாலும் போகாது. அந்த நுரையீரலில் காசநோயும் சுலபமாகப் பற்றும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்கால ஜுரம், எடை குறைவு, சளியில் ரத்தம் இவற்றில் எது இருந்தாலும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனையும் எக்ஸ்-ரேயும் கேளுங்கள். சளிப் பரிசோதனைக்குக் காசு கிடையாது. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு பிறகு என்னிடம் வாருங்கள். ஆடாதோடைக் குடிநீர் எங்கேயும் போய்விடாது.